களக்காடு முண்டந்துறையில் புலித்தடம் பார்க்கப் பழகுவது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: புலியை நேரில் பார்த்துவிடலாம் என்ற ஆசையோடு களக்காடு முண்டந்துறைக்கு வராதீர்கள். பந்திப்பூர், கபினி பக்கம் ஜீப்பில் உட்கார்ந்தபடியே புலியைப் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு எங்கள் நெல்லைக் காடு ஏமாற்றமாகத்தான் இருக்கும். செங்குத்தான மலை, அடர்ந்த சோலை, பத்தடி தள்ளி நிற்கும் ஆளையே மறைத்துவிடும் புதர். வேட்டைத் தடுப்புக் காவலராக வருடக்கணக்கில் இங்கே நடந்தவர்களைக் கேட்டாலும், புலியைப் பார்த்த தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடுவார்கள். ஆனால் புலி போன அடையாளத்தை அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஈர மணலில் தடம், பாதை நடுவில் எச்சம், மரத்தில் நகக்கீறல், பள்ளத்திலிருந்து மிளா (கடமான்) போடும் சத்தம். இதையெல்லாம் படிக்கப் பழக நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காட்டின் கிடப்பு

ஒரு வரைபடத்தை விரித்து, அம்பாசமுத்திரத்துக்கும் களக்காட்டுக்கும் மேற்கே பாருங்கள். கேரள எல்லை வரை நீளும் அந்த மலைதான் காப்பகம். முண்டந்துறையை 1962-லேயே புலிச் சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். நாடு தழுவிய புலிகள் பாதுகாப்புத் திட்டம் வந்ததே 1973-ல்தான். நெல்லைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். களக்காடு 1976-ல் சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயமானது. இரண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர்-மேகமலை எல்லாம் பிறகு வந்தவை. நிர்வாகத்துக்காக அம்பாசமுத்திரம், களக்காடு என்று இரண்டு கோட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை இயக்குநர். எந்த அனுமதிக்கு எந்த அலுவலகம் போக வேண்டும் என்பது இதை வைத்துத்தான்.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதையில் காடு அடுக்கடுக்காக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடிவாரத்தில் முள்ளும் புதரும். கொஞ்சம் ஏறினால் இலையுதிர் மரங்களும் புல்லும். இன்னும் மேலே, காக்காச்சி, நாலுமுக்கு, குதிரைவெட்டி பக்கம், வெயில் தரையைத் தொடாத பசுமைமாறாக் காடு.

அடர்ந்த காட்டில்தான் புலி அதிகம் இருக்கும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். கணக்கு அப்படிப் போவதில்லை. புலிக்கு மான் வேண்டும், மானுக்குப் புல் வேண்டும். மேலே இருட்டுக் காட்டில் புல் எங்கே இருக்கிறது? ஒரு புலிக்கு ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு மான் அளவு இரை தேவை. வருடத்துக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை போன பிறகும் இரை குறையாமல் இருக்க, அந்தப் புலியின் எல்லைக்குள் 500 விலங்குகளாவது இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. புள்ளிமானுக்கு ஏற்ற இடம் முண்டந்துறை மேட்டுச் சமவெளி. மேலே ஏற ஏற மிளா, காட்டுமாடு, காட்டுப்பன்றி, கேளையாடு எல்லாம் உண்டு, ஆனால் சிதறிக் கிடக்கும். அதனால் இந்த மலையில் புலி எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். முண்டந்துறையில் உண்ணிச்செடி பரவிப் புல்லை மூடுவதை வனத்துறை பெரிய தலைவலியாகப் பார்ப்பதும் இதனால்தான்.

வரைபடத்தில் இன்னொரு இடத்தையும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்: செங்கோட்டைக் கணவாய். ஏன் என்று புரிய, புலியின் குடும்பக் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். பெண்புலி மூன்றரை மாதம் சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டி போடும். கண் திறக்காத குட்டிகள், ஆளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் இருக்கும். வளர்ப்பதில் ஆண்புலிக்குப் பெரிய பங்கில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் தாயோடு சுற்றி வேட்டை கற்றுக்கொள்ளும். அதற்குள் பாதிக்குப் பாதி செத்துப்போவதும் உண்டு. பிழைத்த பெண்குட்டி முடிந்தவரை தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கும். ஆண்குட்டி ஊரை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும். இந்தக் காப்பகம் இருக்கும் அகத்தியமலைத் தொடரில் பிறந்த ஆண்புலி வடக்கே பெரியாறு, மேகமலைக் காடுகளுக்குப் போக வேண்டுமானால் புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் இடையில் எங்காவது கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே கொல்லம் நெடுஞ்சாலை, ரயில் பாதை, தோட்டங்கள், வீடுகள், ராத்திரி முழுக்க லாரி. கடக்க முடியாவிட்டால் தெற்கே இருக்கும் சில புலிகள் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கி நலிந்துபோகும். காப்பக எல்லைக்குள் எவ்வளவு காவல் போட்டாலும் இந்தச் சிக்கல் தீராது. என்னைக் கேட்டால் நெல்லைப் புலியின் தலையெழுத்து முண்டந்துறையில் இருப்பதைவிடப் புளியரையில்தான் அதிகம் இருக்கிறது.

சிறுத்தையா, புலியா?

விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் ஓரத்து ஊர்களில் "புலி ஆட்டைத் தூக்கிட்டு" என்றால் அது பெரும்பாலும் சிறுத்தை. யாராவது பார்த்தேன் என்றால் உடனே கேட்க வேண்டியது: உடம்பில் வரியா, புள்ளியா? மரத்திலோ சுவரிலோ ஏறியதா? நாயைத் தூக்கியதா? சிறுத்தை ஊரை ஒட்டிய பாறையிடுக்கில் நாள்கணக்கில் ஒளிந்து கிடக்கும், நாயையும் ஆட்டையும் வைத்தே காலம் தள்ளிவிடும். வளர்ந்த ஆண்புலி 200 கிலோவைத் தாண்டும். அந்த உடம்புக்குக் கோழியும் நாயும் கட்டுப்படியாகாது. புலியின் காதுக்குப் பின்புறம் கறுப்பில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். மங்கலான செல்போன் படத்தில்கூடச் சில நேரம் அது தெரியும்.

அனுமதியும் தயாரிப்பும்

காப்பகத்துக்குள் நினைத்த இடத்துக்கு நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. அகத்தியர் அருவி, சொரிமுத்து அய்யனார் கோயில், காரையாறு, மணிமுத்தாறு அருவி, களக்காடு தலையணை, திருக்குறுங்குடி மலை நம்பி கோயில் போன்ற இடங்களுக்குத்தான் பொதுமக்களை விடுவார்கள். அதுவும் பகலில் மட்டும். கணக்கெடுப்பு, காட்டுத்தீ, வெள்ளம் என்று ஏதாவது வந்தால் அதையும் மூடிவிடுவார்கள். மாஞ்சோலைப் பாதைக்கான விதி அடிக்கடி மாறுகிறது. அதனால் கிளம்புவதற்கு முன்னால் அந்தந்தக் கோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோவில் யாரோ சொன்னதை நம்பிப் போய் செக்போஸ்ட்டில் தகராறு செய்யாதீர்கள். அங்கே நிற்கிறவருக்கு விதியை மாற்றும் அதிகாரம் கிடையாது.

உடை மங்கலான நிறத்தில், முழுக்கையாக இருக்கட்டும். சென்ட் வேண்டாம். மழைக்குப் பிறகு மேலே போனால் அட்டை ஏறும். அட்டைக் காலுறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மூக்குப்பொடியை வேப்பெண்ணெயில் குழைத்துக் காலில் பூசுவார்கள். ஒரு சின்ன நோட்டு, பென்சில், அளவு நாடா, ஒரு பத்து ரூபாய் நாணயம். நாணயம் எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன்.

தடம் படிப்பது

ஓடைக்கரை ஈர மணலும் வண்டிப்பாதைப் புழுதியும்தான் நல்ல பலகை. பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் தடத்தில் நான்கு விரலும் ஒரு பெரிய உள்ளங்கால் மெத்தையும் மட்டும் பதியும். விரலுக்கு முன்னால் நகக்குறி குத்தியிருந்தால் அது நாய் அல்லது செந்நாய். மெத்தையின் பின்விளிம்பைப் பாருங்கள். பூனை இனத்துக்கு அங்கே மூன்று மடிப்புகள் தெரியும்.

அப்புறம் அளவு. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். தடத்துக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். சாய்த்து எடுத்தால் அளவு பொய் சொல்லும். மூன்று நாணய அகலம் வந்தால் சிறுத்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கைத் தாண்டி ஐந்தை நெருங்கினால் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். ஆனால் சேற்றில் பதிந்த தடம் விரிந்துவிடும், வெயிலில் காய்ந்த மணலில் விளிம்பு சரிந்து பெரிதாகும். ஒற்றைத் தடத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அதே வரிசையில் நாலைந்து தடம் அளந்து பாருங்கள்.

எப்போது போனது என்று பார்ப்பது இன்னொரு கலை. இதில் இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்களை மிஞ்ச ஆளில்லை. காரையாறு, மயிலாறு பக்கத்துக் காணிக்காரர்கள் பலர் வனத்துறையில் காவலர்களாக வேலை பார்க்கிறார்கள். ஒருமுறை பாதையோரம் ஒரு தடத்தைக் காட்டி, "அண்ணாச்சி, இது எப்ப போனது?" என்று கேட்டேன். குனிந்துகூடப் பார்க்காமல், "நேத்து சாயங்கால மழைக்கு முன்னாடி" என்றார். பிறகு அவரே உட்கார்ந்து காட்டினார்: தடத்துக்குள்ளே மழைத்துளி விழுந்த சின்னச் சின்னக் குழிகள். மழைக்குப் பிறகு மிதித்திருந்தால் அந்தக் குழியெல்லாம் நசுங்கியிருக்கும். இதேபோல, தடத்தின் குறுக்கே எறும்பு வரிசை போட்டிருக்கிறதா, சிலந்தி நூல் கட்டியிருக்கிறதா, சருகு விழுந்திருக்கிறதா, விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடப்பது அடிப்படை மரியாதை. உங்களுக்குப் பின்னால் வருகிற காவலருக்கும் அது வேண்டும்.

எச்சத்தைப் புலியும் சிறுத்தையும் வேண்டுமென்றே பாதை நடுவில், முச்சந்தியில் போட்டுவிட்டுப் போகும். இது என் இடம் என்று சொல்லும் வழி அது. உள்ளே முடியும் எலும்புத் துணுக்கும் இருக்கும். கையால் தொடாதீர்கள், ஒட்டுண்ணி தொற்றும். ஆய்வுக்குச் சேகரிப்பதும் அனுமதி பெற்றவர்களின் வேலை. எச்சத்தைப் பார்த்து மட்டும் இது புலி, இது சிறுத்தை என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் மரபணுவைப் பார்த்தால்தான் உறுதி. பக்கத்தில் பின்காலால் மண்ணைப் பறித்துத் தள்ளிய கீறல், மரப்பட்டையில் ஆள் உயரத்துக்கு நகம் இழுத்த கோடு என்று வேறு அடையாளங்களும் சேர்ந்தால் சந்தேகம் குறையும்.

வாசனையும் உண்டு. புலி மரத்தடியில் பின்புறமாகப் பீய்ச்சிவிட்டுப் போகும் நீர், பாசுமதி அரிசி வேகும்போது வருகிற மணத்தோடு இருக்கும். 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும். பிரியாணிக்குப் போடும் ரம்பை இலையிலும் அதேதான். காட்டுப்பாதையில் திடீரென்று அந்த மணம் வந்தால், கூட வருகிற காவலரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

காதுக்கும் வேலை இருக்கிறது. மிளா பயந்தால் வாலைத் தூக்கி, முன்காலால் தரையை உதைத்து, கணீரென்று ஒற்றைக் குரல் கொடுக்கும். மேலே மரத்திலிருந்து கருமந்தி இருமுவது மாதிரிக் குரைக்கும். மலையணில் படபடவென்று கத்தும். ஒரு குரல் கேட்டதும் புலி என்று குதிக்க வேண்டாம். கழுகைப் பார்த்தும் குரங்கு கத்தும், உங்களைப் பார்த்தும் மான் கத்தும். ஒரே திசையிலிருந்து, வெவ்வேறு விலங்குகள், விடாமல், அதுவும் மெல்ல நகர்ந்துகொண்டே குரல் கொடுத்தால் கீழே ஏதோ ஒரு வேட்டை விலங்கு நடக்கிறது. அது சிறுத்தையாகவும் செந்நாயாகவும் இருக்கலாம்.

எதிரே வந்துவிட்டால்

ஓடாதீர்கள். உட்காராதீர்கள், குனியாதீர்கள், குனிந்த ஆள் அதன் கண்ணுக்கு இரையாகத் தெரியலாம். முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்னால் நகருங்கள். கூட்டமாக இருந்தால் சேர்ந்து நில்லுங்கள். குட்டியோடு இருக்கும் பெண்புலியும், இரைமேல் இருக்கும் புலியும் இடம் தராது. பாதி தின்ற மானைக் கண்டால் படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். உண்மையில் இந்தக் காட்டில் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டியது யானைக்கும் கரடிக்கும்தான். அம்பாசமுத்திரம், கடையம் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் கரடியைத்தான் முதலில் சொல்வார்கள்.

கணக்கெடுப்பில் சேர

முன்பெல்லாம் தடத்தை வரைந்தும் அச்செடுத்தும்தான் புலியை எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலி இருந்தது, காட்டில் ஒன்றுகூட இல்லை என்பது 2005-ல் வெளியானதும் அந்த முறை மதிப்பிழந்தது. கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் 1990-களிலேயே செய்து காட்டிய தானியங்கிக் கேமரா முறைதான் இப்போது. புலியின் வரி நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. இடது விலாவின் கோடும் வலது விலாவின் கோடும்கூட வேறு. அதனால் பாதையின் இரு பக்கமும் எதிரெதிரே, முழங்கால் உயரத்தில், இரண்டு கேமரா கட்டுவார்கள். வழியில் கேமராவைக் கண்டால் தொடாமல் போங்கள்; உங்கள் படமும் அதில் விழுந்திருக்கும்.

நாடு முழுவதற்குமான மதிப்பீடு நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 2006-ல் இந்தியாவில் 1,411 புலிகள் என்று கணித்தார்கள். 2022 மதிப்பீட்டில் சராசரி 3,682. தமிழ்நாடு அதே காலத்தில் 76-லிருந்து 306-க்கு வந்திருக்கிறது. எண்ணிக்கை கூடினாலும், அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் புலி இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கணக்கு ஏறியதற்கு முக்கியக் காரணம் நீலகிரி, சத்தியமங்கலம் வட்டாரம். அந்த எண்ணை வைத்து நெல்லையை எடை போடக் கூடாது.

காப்பகத்தின் கணக்கெடுப்பில் சில ஆண்டுகளில் கல்லூரி மாணவர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அறிவிப்பு செய்தித்தாளில் வரும். முதல் சில நாள் விடிந்ததும் குறித்த பாதையில் ஊனுண்ணிகளின் தடம், எச்சம் பார்த்துப் பதிவார்கள். பிறகு இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து, கண்ணில் படும் மான், பன்றி, காட்டுமாடு எத்தனை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று குறிக்க வேண்டும். நாள் முழுக்க ஒன்றுமே படாமல் போகலாம். அப்போதும் "இல்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு அந்த வெற்றுத் தாளும் தேவை. முகாமில் சோறும் குழம்பும் கிடைக்கும், சிக்னல் கிடைக்காது. முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துச் சேருங்கள்.

அதுவரை கை சும்மா இருக்க வேண்டாம் என்றால், மணிமுத்தாறில் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் அவர்கள்தான். பார்த்ததை மட்டும் எழுதும் ஒழுக்கம் அங்கே பழகும்.

மலையடிவாரத்தில் வீடு இருந்தால்

1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு காப்பக ஓரத்துக் கிராமங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. கிராம வனக்குழு அமைத்து, கடன் கொடுத்து, சாண எரிவாயுக் கலன் வைத்து, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மலை ஏறுவதைக் குறைத்தார்கள். துப்பாக்கியோடு நிற்கும் காவலர் செய்ய முடியாததை அது செய்தது என்பது என் எண்ணம். மாடும் விறகுவெட்டும் குறைந்த இடத்தில் புல் எழுந்தால், புல்லுக்கு மான் வரும்.

நீங்கள் செய்யக்கூடியது இதுபோலச் சின்ன விஷயங்கள்தான். ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரையோடு கம்பி வலை போடுங்கள். கோழிக் கழிவைத் தெருமுனையில் கொட்டாதீர்கள். கழிவுக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். நாய்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். நாயிடமிருந்து பெரும்பூனைகளுக்குத் தாவும் டிஸ்டெம்பர் வைரஸ் 2018-ல் கிர் காட்டுச் சிங்கங்களைக் கொன்றது. பன்றிக்கு என்று கட்டும் சுருக்குக் கம்பியும் திருட்டு மின்வேலியும் அவுட்டுக்காயும் (தீனிக்குள் வைக்கும் நாட்டுவெடி) ஆள் பார்ப்பதில்லை. மிளாவும் மாட்டும், புலியும் மாட்டும். புலி வேட்டைக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை. மாடு, ஆடு அடிபட்டால் உடலை அப்புறப்படுத்தாமல், விஷம் வைக்காமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பார்வையிட்டு எழுதினால்தான் இழப்பீடு வரும்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. லட்சக்கணக்கில் கூடுகிற அந்த நாட்களில் கோயில் இருப்பது புலிக்காட்டு நடுவில் என்பது மறந்துபோகிறது. ஆற்றில் துணியை விடுவதை நிறுத்துங்கள், சாப்பாட்டு இலையையும் பாலித்தீனையும் திரும்பக் கொண்டுவாருங்கள். குரங்குக்குப் பழம் போடுவது புண்ணியத்தில் சேராது.

படம் கிடைத்துவிட்டால்

இடத்தின் பெயர் போடாமல் பகிருங்கள். செல்போன் படத்தில் இருப்பிடக் குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அதை முதலில் நீக்குங்கள். தடம் என்றால் நாள், நேரம், அகலம், தரை ஈரமா உலர்ந்ததா என்று நோட்டில் எழுதி, வனச்சரகர் அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள்.

முதல் நடைக்குத் தை, மாசி நல்ல சமயம். வடகிழக்கு மழை ஓய்ந்து ஓடைக்கரை ஈரமாக இருக்கும், பாதையில் புழுதி எழ ஆரம்பித்திருக்கும், காட்டுத்தீ பயமும் அவ்வளவாக இராது. பங்குனிக்கு மேல் பல பாதைகளை மூடிவிடலாம். செக்போஸ்ட் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போங்கள். நாலு வண்டியும் ஒரு பஸ்ஸும் போய்விட்டால் ராத்திரி பதிந்ததெல்லாம் அழிந்துவிடும்.